ஐயவெண் ஐந்நூறு

ஜெசிந்தா, சதுரங்கப் பலகையில் ராணியைத் தள்ளி செக் வைத்தபோது அவள் கடிகாரத்தில் ஐம்பத்தொரு நொடி பாக்கி. அதற்குள் ஆட்டம் டிராவாக வேண்டும். தோற்றால், புருஷன் குரலைக் கேட்க இன்னும் பதினான்கு மாதம்.

"இன்னைக்கு என்ன மீன் கொழம்புட்டி?" என்றது காதுக்குள் அந்தக் குரல். நிலவின் மறுபக்கச் சுரங்கத்திலிருந்து தஸ்நேவிஸ்.

"சீலா."

அங்கிருந்து பதில் வர எப்போதும் இரண்டரை நொடி பிடிக்கும். இந்த முறை ஐந்து ஆயிற்று. சீலா மீனைத் தாண்டி வர வேண்டுமே.

நிலவுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே குரல்தடங்கள் மொத்தம் இருபது. பேசக் காத்திருப்பவர்கள் நாலாயிரம். யாருக்குத் தடம் என்று தீர்மானிப்பது தராசு என்ற கணிப்பொறி. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ஏறத்தாழ சம ஆட்டத் தரவெண் உள்ள இரண்டு பேரைப் பிடித்துச் சதுரங்கம் ஆட வைக்கும். ஆட்டம் முடியும்வரை பேசலாம். சிபாரிசு செல்லாது, லஞ்சம் செல்லாது. வித்தியாசம் நூறு புள்ளியைத் தாண்டினால் ஜோடி சேர்க்காது. எளியவரை வலியவரோடு மோதவிடுவது அநியாயமாம். சில நாள் அடுத்த வீட்டுக்காரி புருஷன் வந்து மாட்டுவான். அவனிடம் அவன் பிள்ளைக்குப் பல் முளைத்த சேதியைச் சொல்லிவிட்டுத் தோற்க வேண்டியதுதான். மீன் மார்க்கெட்டில் பெண்கள் விலை பேசுவதற்கு முன்னால் குதிரையை எங்கே வைப்பது என்று பேசினார்கள்.

தஸ்நேவிசுக்கு அங்கே வேறு பொழுதுபோக்கு இல்லை. மூன்றே வருடத்தில் அவன் தரவெண் 2050-க்கு ஏறிவிட்டது. ஜெசிந்தா முட்டி மோதியும் 1580-ல் நின்றாள்.

அப்போதுதான் ஐயவெண் அவள் கண்ணில் பட்டது. ஒருவரின் தரத்தைப் பற்றித் தராசுக்கே எவ்வளவு சந்தேகம் என்பதன் அளவு அது. ஆடாமல் இருக்க இருக்க ஏறும். ஐந்நூறைத் தொட்டால், 2050-காரனோடும் சேர்த்து ஒருமுறை சோதித்துப் பார்க்கும். ஒரே ஒருமுறை. அதற்காகப் பதினான்கு மாதம் அவள் பலகை பக்கமே போகவில்லை. அவனை நெருங்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, விலகி இருப்பது. இன்று ஐயவெண் ஐந்நூறைத் தொட்டதும், அவன் ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து மத்தியானம் உள்ளே நுழைந்தாள்.

டிரா செய்துவிட்டால், ஐயவெண் அத்தனை பெரிது என்பதால், அவள் தரவெண் ஒரே பாய்ச்சலில் 1950-ஐத் தாண்டும். பிறகு தினமும் அவனோடு ஜோடி சேர வாய்ப்புண்டு. தோற்றால் பழையபடி 1580.

அவன் ராஜா மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா. ஆனால் அவன் யானையைக் குறுக்கே போட்டால் போதும், பத்து நகர்த்தலில் அவள் கதை முடிந்தது. போடாதீங்க என்று கெஞ்சவும் முடியாது. காய் நகர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் தராசு தடத்தை அறுத்துவிடும்.

யானை அசையவில்லை. ராஜா பக்கத்துக் கட்டத்துக்குப் போயிற்று. அவள் மறுபடி செக் வைத்தாள்.

"பதினாலு மாசமா ஒரு சேதியும் இல்ல. என்னைய விட்டுட்டியோன்னு நெனச்சேன்."

"விடுற ஆளா நானு?"

ராஜா மூலைக்குத் திரும்பியது. தெரிந்துதான் விட்டுக்கொடுக்கிறான். இனி அவள் வைக்கப்போகும் செக்கோடு டிரா. அதோடு தடமும் அறுந்துவிடும். ராணியின் மேல் விரலை வைத்தாள், தள்ளவில்லை. பத்தொன்பது நொடி இருந்தது. அத்தனையும் அவன் குரலுக்கு.

"முன்னயெல்லாம் ஃபோர்மேன் பொண்டாட்டி மணிக்கணக்கா பேசுவா," என்றான் தஸ்நேவிஸ். "ஆனா நமக்கும் மாசத்துக்கு ரெண்டு நிமிஷம் கெடைச்சுதுல்லா? நியாயம் வேணும்னு சங்கத்துல எவளோ மனு குடுத்துத்தான் இந்தத் தராசு வந்துச்சாமே. யாருட்டி அவ?"

பதினொன்று. பத்து. தெரியாது என்று சொல்லிவிட்டு ராணியைத் தள்ளலாம். நாளைக்கும் கேட்பான், நாளைக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

விரலை ராணியின் மேலேயே வைத்து, தடம் அறுமுன் சொல் போய்ச் சேர வேண்டிய நேரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு, ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

"நாந்தாங்க. வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்குனதும் நாந்தான். அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணு."