சாயங்காலம் அறுத்துடுவேன்

டிரிங்... டிரிங்...

சப் இன்ஸ்பெக்டர் அந்தோணி பாதி வடையைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

மறுமுனையில் ஓர் அலறல்.

"ஐயோ... என்னை அறுக்கப் போறான்!"

குரல் தெரிந்த குரல்தான். கோதண்டபாணி. 'கச்சி மண் காப்புக் கழக'த்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர், போர்வாள். மாலையில் தேரடியில் பொதுக்கூட்டம். மைக் அனுமதி கேட்டுக் காலையில்தான் வந்திருந்தார்.

"பேச்சுரிமை என் பிறப்புரிமை! அதைத் தடுக்க எந்தக் கொம்பனுக்கும் அதிகாரமில்லை!" என்று மேஜையைக் குத்தினார். யாரும் தடுக்கவில்லை. அனுமதித் தாளோடு அந்தோணியின் பேனாவையும் மறதியாகப் பையில் செருகிக்கொண்டு போனார்.

"பதறாதீங்க. யாரு அறுக்கப் போறான்?"

"போன்ல சொன்னான், இன்ஸ்பெக்டர். 'இன்னிக்கு சாயங்காலம் அறுத்துடுவேன். கூட்டம் ஆரம்பிச்சதும் தலைவர் கழுத்துல போட்டுடலாம்... தலைவருக்குத் தெரியக் கூடாது'ன்னான். என் கழுத்து... எனக்கே தெரியக் கூடாதாம்!"

"பேசினது யாருன்னு..."

"எவனா இருந்தா என்ன? இப்படியெல்லாம் பேசறவனைப் பிடிச்சு உள்ள போடுங்க!"

பேச்சுரிமைக்கு அன்று மதியத்தோடு ஆயுள் முடிந்தது.

அந்தோணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தார். அழைப்பு வந்தது கிருஷ்ணவேணி அம்மாள் காபி கிளப்பிலிருந்து. ஜீப் பறந்தது. போன் பேசிய ஆள் எங்கும் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

பெயர் குமாரவேல். பிள்ளையார்பாளையத்து நெசவாளி.

அந்தோணி தூத்துக்குடிக்காரர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிது. உள்ளூர்க் கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரும் தேரடி பந்தோபஸ்துக்குப் போய்விட, ஸ்டேஷனில் விசாரணையை அவரே ஆரம்பித்தார்.

"அறுக்கப் போறேன்னு போன்ல சொன்னியா?"

"சொன்னேன் சார்."

இவ்வளவு சுலபமாக ஒரு வாக்குமூலமா? அந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்போ?"

"விளக்கு வைக்கறதுக்குள்ள. அதுக்கு அப்பால அறுக்க மாட்டோம் சார்."

"மாட்டோமா? கூட யாரு?"

"என் சம்சாரம் கமலாட்சி. தனியா பண்ற வேலையா சார் அது? ஒருத்தர் புட்சிக்கணும், ஒருத்தர் அறுக்கணும்."

அந்தோணி மேஜையில் கிடந்த பாதி வடையைத் தள்ளி வைத்தார்.

"இதுக்கு முன்னால அறுத்திருக்கியா?"

"இன்னா சார் இப்படி கேட்டுட்டீங்க? எங்கப்பா காலத்துல இருந்து அறுத்துக்கினுதான் இருக்கறோம். கற்பூரம் ஏத்தி, சாமி கும்பிட்டு..."

"சாமி வேற கும்பிடுவியளோ?"

"பின்ன? எடுத்தவுடனே கத்தி வைக்கறதா?"

"யாரு செய்யச் சொன்னது?"

"கண்ணாயிரம் அண்ணன்."

கண்ணாயிரம்... கழகத்தின் செயலாளர். தலைவரின் வலதுகை!

அந்தோணி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். உட்கட்சிக் கொலைச் சதி. பதவி உயர்வு வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்ல, அந்த மனுஷன் உனக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?"

"கெடுதலா? நான் அவரு ஆளு சார்." குமாரவேல் நெஞ்சைத் தொட்டான். "நூல் கிடைக்காம தறி நின்னு போச்சு. எல்லா கட்சிக்காரனும் வந்து கும்பிட்டு, சிரிச்சுட்டு போனான். இவரு ஒருத்தர்தான், 'இதுக்கெல்லாம் யாரு காரணம் தெரியுமா'ன்னாரு."

"யாரு காரணமாம்?"

"வெளியூர்ல இருந்து வந்தவங்க. எங்க தெருவுல தெலுங்கு பேசறவங்க இருக்கறாங்க, அவங்க. அப்புறம் சேட்டு. அப்புறம்..." அந்தோணியின் பெயர்ப்பட்டையைப் பார்த்துக் கொஞ்சம் இழுத்தான். "அப்புறம் மறந்துட்டேன் சார். அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வந்துச்சு."

"அதுக்காகவா அவரை அறுக்கப் போற?"

"அவருக்காகத்தான் சார்."

அந்தோணிக்குத் தலை சுற்றியது. அன்பில்கூடவா கழுத்தை அறுப்பார்கள்? என்ன ஊர் இது?

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கையில் வெள்ளைத் துணி மூட்டை. ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"நீ இங்க வந்து குந்திக்கினு இருக்கற" என்றாள் குமாரவேலைப் பார்த்து. "நல்ல நேரம் போயிடப் போகுதுன்னு, எதிர்வீட்டு அக்காவைப் புட்சிக்கச் சொல்லி நானே அறுத்துட்டேன்."

அந்தோணியின் கை துப்பாக்கி உறையைத் தேடியது.

"அறுத்துட்டியா... அப்ப அந்த மூட்டையில..."

"பாருங்களேன் சார். சுத்தமா அறுத்திருக்குது."

"பிரிக்காத!"

பிரித்துவிட்டாள்.

அரக்குச் சிவப்பில், கையகலச் சரிகைக் கரையோடு, பளபளவென்று ஒரு பட்டு அங்கவஸ்திரம்.

அந்தோணி அதைப் பார்த்தார். குமாரவேலைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"அறுக்கிறதுன்னா... இதையா?"

"நெய்ஞ்சு முடிச்சா தறியில இருந்து அறுத்துதான சார் எடுக்கணும்?" என்றாள் கமலாட்சி. "காஞ்சிபுரத்துல பொறந்த குழந்தைக்குக் கூட தெரியுமே. இருந்த கடைசி நூலைப் போட்டு, தலைவருக்குன்னு நெய்ஞ்சுக்கினு இருந்தாரு. ரகசியமாம். நூல் இல்லன்னா தெலுங்குக்காரன் இன்னா பண்ணுவான்னு கேட்டா என் மேல பாயறாரு. எனக்குப் புட்சி குடுத்தவளே தெலுங்குக்கார அக்காதான். அவ வூட்டுத் தறியும்தான் நின்னுக்கினு இருக்குது."



அந்தோணிக்கு இப்போதுதான் உறைத்தது. தூத்துக்குடிக்காரனுக்குத் தெரியாதது சரி. நாலு தலைமுறையாகத் தறிக்குழியில் பிறந்ததாக ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கும் தலைவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க" என்றார்.

தேரடியில் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் பாதுகாப்புக்காக ஒரு கம்பளி மஃப்ளர்.

"நூல் எங்கே? வெளியூரான் வீட்டில்! வேலை எங்கே? வெளியூரான் கையில்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தோணிக்கே ஒரு நிமிடம் கைதட்டத் தோன்றியது. தானும் வெளியூரான் என்று ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டார்.

குமாரவேலோடு மேடை ஏறினார்.

"இதோ! என்னைக் கொல்ல வந்த வெளியூர்க் கொலைகாரன்!" என்றார் தலைவர்.

"ஐயே, அது நம்ம குமாரவேலுபா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இவரு ரெண்டு வார்த்தை பேசணுமாம்" என்றார் அந்தோணி.

"கொலைகாரனுக்கு மைக்கா? இது என் கூட்டம்!"

"காலையில மேஜையைக் குத்தினீயளே, அதே உரிமைதான். மேஜை இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு."

குமாரவேல் மைக்கைப் பிடித்தான்.

"வணக்கம்பா. தலைவருக்குப் பட்டு நெய்ஞ்சேன். கண்ணாயிரம் அண்ணன்னு நெனச்சு, சாயங்காலம் அறுத்துடுவேன்னு போன்ல சொன்னேன். தலைவரே எடுத்துட்டாரு போலக்குது. அதுக்குத்தான்... என்னைக் கொலைகாரன்னு புட்சிக்கினு போனாங்க."



முன்வரிசையில் ஒரு கிழவர் 'க்ளுக்' என்றார். பக்கத்து ஆள் 'ஹிக்' என்றார். பிறகு தேரடியே குலுங்கியது. கமலாட்சி முந்தானையால் வாயைப் பொத்தினாள், பலிக்கவில்லை. கண்ணாயிரம் மேடைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்ததில் பந்தலே ஆடியது.

தலைவரின் முகம் அங்கவஸ்திரத்தின் நிறத்துக்கு வந்தது.

"சிரிக்காதீங்க! எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல ஆட்டைத்தான்யா அறுப்பாங்க!"

சிரிப்பு பட்டென்று நின்றது.

கண்ணாயிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க ஊர்லயா? எந்த ஊரு தலைவரே?"

தலைவர் மேடைக்குப் பின்னால் ஏணி இருக்கிறதா என்று பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், உடனே கூட்டத்துக்குத் தடை போடுங்க. இவங்க சிரிப்புக்கும் தடை போடுங்க!"

"சிரிப்புக்கு செக்‌ஷன் இல்லையே" என்றார் அந்தோணி. "போறதுக்கு முன்னால என் பேனா..."

போர்வாள் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டது.

கூட்டம் கலைந்தது. அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்த குமாரவேலின் தோளில் அந்தோணி கை வைத்தார்.

"உன் மேல கேஸ் இல்ல, வீட்டுக்குப் போ. இனியாவது எவனாவது யாரையாவது கை காட்டினா உடனே நம்பிராத, என்ன?"

"சேச்சே. புத்தி வந்துடுச்சு சார்." குமாரவேல் குரலைத் தாழ்த்தினான். "செவிலிமேட்டுல ஒருத்தர் புதுசா கட்சி ஆரம்பிக்கறாராம். சுத்தமான உள்ளூர்க்காரராம். எல்லாத்துக்கும் போலீஸ்தான் காரணம்ங்கறாராம் சார்... கேக்கறதுக்கே எவ்ளோ நல்லா இருக்குது."

கமலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தோணி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"மைக் பெர்மிஷனுக்கு என்கிட்டதான் வரணும்னு அவர்கிட்ட சொல்லு" என்றார். "பேனாவை மட்டும் அவரே கொண்டாரச் சொல்லு."