கருப்பைவாயில் கறிவேப்பிலை

செவ்வாய்க் கோளின் ஏழாம் குடியிருப்பில் அன்று காலையும் கழிப்பறைதான் எல்லாரையும் எழுப்பியது. "பத்தாம் எண் ஞானசேகருக்கு மூன்றாம் நாளாக மலச்சிக்கல்," என்று பொது ஒலிபெருக்கியில் அறிவித்தது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஞானசேகர் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனார். உடம்பு விஷயத்தில் அங்கே ஒளிவுமறைவே கிடையாது.

பெண்கள் சமாசாரத்தை மட்டும் கழிப்பறை பேசக்கூடாது என்று கண்ணியக் குழு அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. குழுவில் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். ஆகவே ஞானசேகரின் மனைவி அம்சவேணிக்கு இரண்டு மாதமாக நாளல்லாத நாளில் ரத்தம் படுவது யாருக்கும் தெரியாது. குடியிருப்பின் காற்று ஆலையையே தனி ஆளாகக் கழற்றி மாட்டுகிறவள், இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

அதனால், குடியிருப்புக்கு மருத்துவம் பார்க்கும் நலப்பொறி எல்லாப் பெண்களுக்கும் தாங்களே மாதிரி எடுத்து அனுப்பும் குச்சி அனுப்பியபோது அவள்தான் முதலில் பிரித்தாள். "புற்றுநோய்ப் பரிசோதனை. குச்சியை வாயில் விட்டு ஐந்து முறை சுழற்றிக் குப்பியில் போட்டு அனுப்பவும்." இவ்வளவுதானா! சாப்பிட்ட கையோடு செய்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் நலப்பொறி அவளைச் சிகிச்சை அறைக்குக் கூப்பிட்டது.

"உங்கள் கருப்பைவாயில் கறிவேப்பிலை இருக்கிறது. கொஞ்சம் கடுகும். மொத்தம் நாற்பது பெண்களுக்கு இதே தொற்று. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும்."

"அய்யய்யோ, அது நேத்து வச்ச ரசம்! வாய்லதானே விடச் சொன்னே?"

"கருப்பைவாய் என்றுதான் எழுதினேன். முதல் பாதி கண்ணியமாக இல்லையென்று குழு எடுத்துவிட்டது."

சிரிக்க ஆரம்பித்த அம்சவேணி பாதியில் அழுதுவிட்டாள். "அப்போ எனக்கு அது இருக்கா, இல்லையா?"

"தெரியாது. நீங்களே இன்னொரு முறை எடுத்துத் தாருங்கள்."

"நானேவா? எங்கயாவது தப்பாப் பட்டுட்டா? டாக்டரம்மா எடுத்தாத்தானே சரியா வரும்?"

"இந்தச் சோதனைக்கு யார் எடுத்தாலும் ஒன்றுதான். காற்று ஆலையின் வால்வைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறீர்களே?"

"அது வால்வு!"

கடைசியில் திரைக்குப் பின்னால் போனாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, வலிக்கவும் இல்லை. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

முடிவு ஒரு மணி நேரத்தில் வந்தது. புற்று இன்னும் வரவில்லை. வருவதற்கு இடம் பார்த்து வைத்திருந்தது. அந்த இடத்துத் திசுவை நலப்பொறி அரை மணியில் பொசுக்கி எடுத்தது. அம்சவேணிக்கு உயிர் திரும்பியது. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல வேண்டும், அந்தக் குழுவை உண்டு இல்லை என்று ஆக்க வேண்டும் என்று பொருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுச் சந்திரமதி புதுக் குச்சியும் கையுமாக நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா, உள்ள ரொம்ப நேரமா இருந்தீங்களாமே? என்னையும் திரும்ப எடுக்கச் சொல்லுது. எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி... உங்களுக்கு என்னவாம்?"

அம்சவேணி சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆண்கள் அவர்களைக் கடந்து போனார்கள்.

"தைராய்டு," என்றாள்.

"அப்பாடா!" சந்திரமதி குச்சியைப் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டாள். "நான் என்னமோன்னு பயந்தே போயிட்டேன்கா. எனக்கும் அதுவாத்தான் இருக்கும்."