ஐந்து மணிக்குள் இறங்க வேண்டும்

கொல்லிமலையில் இலையுதிர் காலம் அக்டோபர் பத்தாம் தேதி காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்று சுற்றுலாத் துறை அறிவித்திருந்தது. அறிவித்தபடியே தொடங்கியது. மரபணு மாற்றிய மரங்கள் சொன்ன பேச்சைக் கேட்பவை. ஒரே வாரத்தில் மலை முழுக்கச் செக்கச்செவேலென்று பழுத்து, மணிக்கு இத்தனை இலை என்று கணக்காக உதிர்த்துக்கொண்டிருந்தன.

அதைப் பார்க்கத்தான் வசுமதியைத் தோழிகள் இருவரும் ஓட்டுநரே இல்லாத தானூர்தியில் ஏற்றிவந்திருந்தார்கள். மூவரும் நாமக்கல் முட்டைக் கிடங்கில் ரோபோக்களை இருபத்திரண்டு வருடம் மேய்த்தவர்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு வசுமதியின் ஒரே மகள் சாருலதா, செவ்வாய்க்குப் போகும் கப்பலில் துயில்பேழைக்குள் படுக்கப்போகிறாள். எட்டு மாதத் தூக்கம். கண்விழிக்கும்போது செவ்வாயில் இருப்பாள். அங்கிருந்து குரல் வந்து சேரவே பல நிமிடம் ஆகும். அம்மா என்றதும் என்னம்மா என்று கேட்கிற பேச்சு இன்றோடு சரி.

“வழியனுப்ப வராதீங்கம்மா, அழுதுருவீங்க” என்று மகள் சொல்லியிருந்தாள். சரி என்று தாயும் சொல்லிவிட்டாள். தனியாக உட்கார்ந்து அழக்கூடாதே என்று நூர்ஜகானும் ஆக்னஸும் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்கள். வேண்டாம் என்று வசுமதிக்குச் சொல்ல வாய் வரவில்லை.

மலை உச்சி அலையற்ற மண்டலம். வருகிறவர்கள் இலையைப் பார்க்காமல் கைபேசியைப் பார்க்கிறார்கள் என்று அலைவரிசையையே வெட்டிவிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து யாராவது ‘அவசரம்’ என்று குறித்து அழைத்தால் மட்டும் ஊர்தி இணைத்துக் கொடுக்கும். மகளோடு பேச வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் சேர வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். உச்சியின் வட்டப்பாதையிலோ ஊர்தியின் கதவு திறக்காது. மூவரும் சேர்ந்து இறங்கலாம் என்று சொன்னால்தான் அது கீழே திரும்பும்.

மூன்றாவது சுற்று முடிந்தபோது மணி மூன்றே முக்கால்.

“இன்னொரு சுற்று போலாமாங்க?” என்று ஊர்தி கேட்டது. தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பல லட்சம் மணி நேரம் கேட்டுப் பழகிய ஊர்தி அது.

வசுமதி மணியைப் பார்த்தாள். ‘போதும்’ என்ற ஒரு வார்த்தை. நூர்ஜகான் பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆக்னஸ் முட்டிவலியோடு வந்திருக்கிறாள். எப்படிச் சொல்வது?

“உங்க இஷ்டம்டி” என்றாள் வசுமதி.

“எனக்கென்ன, வசுக்கு எப்படியோ அப்படி” என்றாள் நூர்ஜகான்.

“எனக்கு எதுன்னாலும் ஓகேதான்” என்றாள் ஆக்னஸ், முட்டியைத் தேய்த்தபடி.

ஊர்தி நான்காவது சுற்றைத் தொடங்கியது. சிவப்பு இலைகள் கண்ணாடியில் வந்து ஒட்டின. “எவ்வளவு அழகு!” என்றாள் ஆக்னஸ். வசுமதிக்கு அந்த மலையையே கொளுத்தினால் தேவலை என்றிருந்தது. கதவின் பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

நாலு பத்துக்கு அடக்க முடியாமல் வெடித்துவிட்டாள். “போதும்டி! நான் எம்பொண்ணுகிட்டப் பேசணும். கீழ போலாம்டி, தயவு செஞ்சு!”

நூர்ஜகான், “அடிப்பாவி, எனக்கு முதல் சுத்துலயே தலை சுத்திருச்சு. நீ ரசிக்கிறியேன்னுதான் வாயை மூடிட்டிருந்தேன்” என்றாள். ஆக்னஸ், “என் முட்டி செத்துப்போச்சு” என்று அழாக்குறையாகச் சொன்னாள். இருவரும் ஒரே குரலில், “இறங்கலாம்!” என்றார்கள்.

“அப்பாடா!” என்றது ஊர்தி.

மூவரும் திடுக்கிட்டார்கள்.

“உங்க கைப்பட்டை நாடித்துடிப்பைக் காட்டுதுங்க. மூணு பேருக்கும் வீட்டுக்குப் போகணும்னு எனக்கு ரெண்டாவது சுத்துலயே தெரியும். எனக்கும் மின்கலம் தீந்துட்டிருந்துச்சு. நானா எப்படி முதல்ல சொல்றதுன்னுதான்…”

திட்டக்கூட நேரமில்லை. ஊர்தி வளைவு வளைவாக விழுந்தடித்து இறங்கியது. வசுமதி கைபேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் அலைவரிசை வந்தபோது மணி ஐந்து நாலு. அழைத்தாள். பேழை மூடப்பட்டுவிட்டது என்று ஒரு கனிவான இயந்திரக் குரல் தெரிவித்தது.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிவான குரல்செய்தி ஒன்று காத்திருந்தது.

“அம்மா, மூணு மணிலேர்ந்து போனைக் கையில வெச்சிட்டே உக்காந்திருந்தேம்மா. உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. அவசரம்னு போட்டா இணைச்சுக் குடுப்பாங்கன்னு தெரியும். ஆனா நீங்க எல்லாரும் ஜாலியா இருக்கறப்ப நடுவுல வந்து கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். வரேம்மா.”

வசுமதி செய்தியை இன்னொரு முறை கேட்டாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தோழிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

நிறுத்தத்தில் கதவு திறந்தது. “பயணம் எப்படி இருந்துச்சுங்க?” என்று ஊர்தி வழக்கப்படி கேட்டது.

வசுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா” என்றாள்.