விழாமல் தோற்றுப் போ!

போன் அதிர்ந்தது.

ஸ்கேட் பூட்டின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சிஹாயா எட்டிப் பார்த்தாள். திரையில் 'அம்மா'.

"எங்கேம்மா இருக்கே? கேலரில உன் சீட்டு காலியா கிடக்கு..."

பதிலுக்கு வந்தது அம்மாவின் குரல் இல்லை. தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்!

"உங்கம்மா வர மாட்டாங்க."

"யாரு நீங்க? அம்மா போன் உங்ககிட்ட எப்படி...?"

"போன் மட்டுமா? அம்மாவே எங்ககிட்டதான் இருக்காங்க!"

பின்னணியில் ஓர் அலறல். "சிஹா...!" பாதியில் அமுங்கிப் போனது. சந்தேகமே இல்லை. அம்மாதான்!

"என்ன வேணும் உங்களுக்கு?"

"இன்னிக்கு நீ ட்ரிபிள் ஆக்ஸல் போடக்கூடாது. ஒரே சுத்து! அதோட இறங்கிடணும். போலீசுக்குப் போகக்கூடாது. இன்னொண்ணு... விழவும் கூடாது! எங்கேயும், எதுலயும்! விழுந்தே, அம்மாவை உசுரோட பார்க்க மாட்டே!"

டொக்.

வெளியே சப்போரோ அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஐஸ் ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப், பெண்கள் பிரிவு, கடைசிச் சுற்று. கொரியாவின் பே யுன்ஹா ஆடி முடித்து முதலிடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை முந்த சிஹாயாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த ஆக்ஸல். முன்பக்கமாகக் காற்றில் எகிறி, மூன்றரைச் சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். போன மாதம் பயிற்சியில் அதைத் தவறவிட்டுத்தான் பின்மண்டையில் அடி வாங்கினாள்.

வயது இருபத்தேழு. ஐஸில் அது கிழட்டு வயது. இன்று விட்டால் இனி எப்போதுமே இல்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

கோச் குமகாய் மாஸ்டர். அவள் கையைப் பிடித்தவர் திடுக்கிட்டார். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது!

"மாஸ்டர்... அம்மாவைக் கடத்திட்டாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மாஸ்டர் நேராகப் போய் பாதுகாப்புப் பணியில் இருந்த இன்ஸ்பெக்டர் நிஷிவாகியை இழுத்துவந்தார். யூனிஃபார்ம் இல்லாத பெண்மணி. காய்ந்த கணவாய் மீனை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டார். யாருக்கோ போன் போட்டார். முகம் மாறியது.

"வேடிக்கையா இருக்கே! உங்கம்மா போன் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு."

"அப்ப தேடுங்க மேடம்!"

"ஆளுங்களை அனுப்பிட்டேன். ஆனா உள்ளே ஆயிரக்கணக்குல ஜனம். பாதிப் பேர் மாஸ்க்ல இருக்காங்க. ஆமா... உன்னை விழச் சொன்னானா?"

"இல்லை. விழக்கூடாதாம்."

"தோக்கணும், ஆனா விழக்கூடாதா? என்னய்யா கிறுக்கன் இவன்?"

"கிறுக்கன் இல்லை மேடம்," என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்து. "தொழில் தெரிஞ்சவன்! மூணரைச் சுத்து முடிச்சுட்டு விழுந்தாக்கூட ஜட்ஜுங்க கொஞ்சம் மார்க் போட்டுடுவாங்க. ஒரே சுத்தோட இறங்கினா எறும்புக்குப் போடற சர்க்கரை அளவுக்குத்தான் தேறும். இது வெளியாளுக்குத் தெரியாது."

"அப்ப உங்க கூட்டத்துலதான் எவனோ!"

"ஆட்டத்தை விட்டு விலகிடும்மா," என்றார் மாஸ்டர் திடீரென்று. "தங்கம் கிடக்கட்டும்."

"விலகினா அவன் என்ன பண்ணுவான்னு தெரியாதே மாஸ்டர்! சொன்னதைச் செஞ்சுட்டு வந்துடறேன். எனக்கு அம்மா போதும்... அம்மா போதும்!"

ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. ஜப்பான், சிஹாயா ஒனோதெரா!

கூட்டம் ஓவென்று இரைந்தது. அவள் ஐஸில் காலை வைத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மாஸ்டர் அவள் கையை அழுத்திவிட்டார்.

இசை தொடங்கியது.

வேகம் எடுத்தாள். எகிறினாள். காற்றிலேயே உடம்பை விரித்தாள்... ஒரே சுற்று. இறங்கினாள்.

"ஐயோ!" என்றது மொத்த அரங்கமும்.

போச்சு. இருபது வருட உழைப்பு ஒரு நொடியில் போச்சு! கண்ணீர் காற்றில் பறக்க, அடுத்த தாவலுக்கு வளைந்தாள். விழாமல் இறங்கினாள். அதற்கடுத்ததும். விழக்கூடாது... விழக்கூடாது...

ஏன் விழக்கூடாது?

அந்தக் கேள்வி அவளைச் சுரீரென்று தைத்தது.

நான் தோற்க வேண்டும் என்று நினைப்பவனுக்கு நான் விழுந்தால் கொண்டாட்டம்தானே? ஒற்றைச் சுற்றும் போட்டு, நாலு தரம் விழுந்தும் தொலைத்தால் இன்னும் லாபம்தானே? நான் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிற கடத்தல்காரன் எவன்?

உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் உண்டு!

இருபது வருடமாகத் தடுப்போரம் நின்று, ஜட்ஜுகளுக்கு முன்பே மார்க் சொல்லும் ஆள். காலையில் மிசோ சூப்பை ஆறவிட்டு, "இன்னிக்கு மட்டும் ஆக்ஸல் வேணாம்டி" என்று கெஞ்சின ஆள். "வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்று இவள் எரிந்து விழுந்த ஆள்!

கணக்கு தப்பாக இருந்தால்? அம்மா நிஜமாகவே எவன் கையிலாவது இருந்தால்?

இசை முடியப் போகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாவல். இரட்டைச் சுற்று ஆக்ஸல் போட வேண்டிய இடம்.

'போன் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு...'

நீதான்மா. நீயேதான்!

முன்பக்கமாக எகிறினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... அரை!

பிளேடு ஐஸைக் கீறிக்கொண்டு இறங்கியது. உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. கை கிட்டத்தட்ட ஐஸைத் தொட்டது... நிமிர்ந்துவிட்டாள்!

அரங்கம் பிய்த்துக்கொண்டது. ரசிகர்கள் வீசிய பொம்மைகள் மழையாய்க் கொட்டின.

மார்க் வந்தது. இரண்டாவது இடம். தங்கம் ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் யுன்ஹாவுக்கு.

"வெள்ளியைத் தூக்கிக் குப்பையில போடு! அம்மா எங்கே?" என்று அலறினார் மாஸ்டர்.

"இதோ!"

இன்ஸ்பெக்டர் நிஷிவாகி வந்துகொண்டிருந்தார். அவர் பிடியில், தொப்பியும் மாஸ்க்குமாக ஒரு பெண்மணி.

"ஊரே எழுந்து நின்னு கூத்தாடுது. மேல் வரிசையில இவங்க மட்டும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கிட்டு, 'இறங்கிட்டாளா? இறங்கிட்டாளா?'ன்னு பக்கத்து சீட்டு ஆளைப் போட்டு உலுக்கிட்டிருந்தாங்க. மாஸ்க்கைக் கழட்டச் சொன்னேன்."

அம்மா ஃபுமியே தலையைக் குனிந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"குரலு?" என்றாள் சிஹாயா.

"ஏதோ ஒரு ஆப்..."

"அந்த அலறல்?"

"ஹோட்டல் பாத்ரூம்ல கத்திப் பதிவு பண்ணினேன். பக்கத்து ரூம்காரர் பயந்து கதவைத் தட்டிட்டாரு."

"என் தங்கத்தைப் பறிச்சிட்டியேம்மா!"

"பறிச்சேன்தான்! தங்கமா எனக்குப் பெரிசு? உன் தலையை ஸ்கேன் எடுத்த டாக்டர் போன் பண்ணாரு. உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்காம். இன்னொரு தரம் தலையில அடிபட்டா எந்திரிக்கவே மாட்டியாம்! இதைச் சொன்னா நீ கேட்பியா? ஆக்ஸலை நிறுத்துவியா? சொல்லுடி!"

சிஹாயா பின்மண்டையைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கும் பண்ணாரு."

"என்ன?"

"உனக்கு முன்னாடியே. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மறைச்சேன். எனக்கு இதை விட்டா வேற எதுவும் இல்லைம்மா..."

பளார்!

அறைந்த கையாலேயே மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள் ஃபுமியே. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

"எனக்கு மட்டும் ஏன்யா யாருமே போன் பண்ணலை?" என்றார் மாஸ்டர் பரிதாபமாக. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "மேடம், இப்ப யாரைக் கைது பண்ணுவீங்க?"

நிஷிவாகி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"கடத்தினதும் கடத்தப்பட்டதும் ஒரே ஆளு. அதனால செலவு ஒரு விலங்குதான். ஒரு வளையம் அம்மா கையில, இன்னொண்ணு பொண்ணு கையில. சாவியை அந்த டாக்டர்கிட்ட குடுத்துடறேன்... அவர்தான் எல்லாருக்கும் தனித்தனியா போன் போட்டுச் சொல்ற ஆளாச்சே!"