ஹெட்நோட் வக்கீல்

மஞ்சக்குப்பத்துப் பழைய பங்களாவில் இருக்கும் சட்ட நூலகத்துக்கு நானும் என் சீனியர் உத்திராபதியும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் மனுஷர் ஒரு தீர்ப்பையாவது கடைசிவரை படித்ததில்லை. தீர்ப்பின் தலையில் சுருக்கம் ஒன்று அச்சடிப்பார்களே, ஹெட்நோட், அதை மேய்ந்துவிட்டுப் போய்க் கோர்ட்டில் கர்ஜிப்பார். இந்த லட்சணத்தில் மேதை என்ற நினைப்பு வேறு.

எங்கள் கட்சிக்காரர் பரங்கிப்பேட்டை நௌஷீன். மலேசியாவில் இருக்கும் அவள் புருஷன் அங்கேயே கோர்ட் உத்தரவு வாங்கி வந்து, மகன் ஷாகிரைக் கேட்கிறான். அந்த உத்தரவு இங்கே செல்லாது என்று மறுநாள் நாங்கள் காட்ட வேண்டும். தவறினால் பையன் விமானம் ஏறிவிடுவான்.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் உள்ளறையில். அங்கே ஒரு வக்கீல் படித்தபடியே செத்தார், இன்னும் படிக்கிறார் என்று குமாஸ்தாக்கள் கதை விடுவார்கள். செத்தபிறகாவது ஒருத்தர் படிக்கிறாரே என்று நான் கிண்டலடித்திருக்கிறேன்.

அறை முழுக்க ஈரக் காகித நாற்றம். உத்திராபதி ஓர் ஆஸ்திரேலியத் தொகுதியை உருவினார். வெளிநாட்டு உத்தரவு செல்லாது என்ற ஹெட்நோட்டைப் பார்த்ததுமே பல்லெல்லாம் தெரிந்தது.

"நமக்குத்தான் வினோதினி. ஜெராக்ஸ் போட்டுடு."

"கடைசி வரைக்கும் படிச்சுப் பாத்துடலாம் சார்."

"யாரு படிக்கிறா அதெல்லாம்? ஜட்ஜே படிக்க மாட்டாரு."

புத்தகத்தை மூடினார்.

அது திறந்துகொண்டது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாக, நிதானமாகப் புரண்டன. காகிதத்தில் நகம் உரசும் சத்தம் கேட்டது.

கடைசிப் பக்கத்தில் நின்றது.

குனிந்து படித்தேன். ஆனால் வெளிநாட்டுக் கோர்ட் இரண்டு தரப்பையும் கேட்டுப் போட்ட உத்தரவென்றால் அது செல்லும் என்றிருந்தது.

"ச்சீ!"

என் காதோரம், கிழட்டு ஆண்குரல்.

"சார், நௌஷீனும் அங்க போய் வாதாடியிருக்காங்களே! இது நம்மளயே திருப்பி அடிக்கும். அலமாரி பூரா தீர்ப்பு கெடக்கு, வேற தேடலாம் சார்!"

அவர் முகம் வெளுத்திருந்தது. திமிர் மட்டும் குறையவில்லை.

"காத்துக்கெல்லாம் பயந்துக்கிட்டு. மொத பக்கத்த மட்டும் எடும்மா."

மறுநாள் சிதம்பரம் கோர்ட்டில் எழுந்து ஹெட்நோட்டைக் கம்பீரமாக வாசித்தார். வாசித்து முடித்து உட்கார வேண்டியவர் உட்காரவில்லை. தாள் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

அது அவர் குரலே இல்லை.

எடுத்துவராத பக்கங்களையெல்லாம் வரி பிசகாமல் ஒப்பித்தது அந்தக் குரல், கடைசி வாக்கியம்வரை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு எழுந்திருக்கிற வேலையே இல்லை. "போதும், போதும்" என்று நீதிபதி கையமர்த்தி, பையனைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார்.

நௌஷீன் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யா அல்லாஹ்! நம்ம வக்கீலே ஏன் மேடம் அவுங்களுக்குப் பேசுறாரு?"

படிக்காத மூதேவி ஒன்று, படித்த பேய் ஒன்று. இரண்டுக்கும் அந்தப் பிள்ளை ஒரு பொருட்டே இல்லை.

"உம்மா! உம்மா!" என்று ஷாகிர் அலறிய சத்தம் வாசல்வரை போய் ஓய்ந்தது. கோர்ட் ஹால் காலியானது. உத்திராபதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்னைப் பார்த்து, தன் வாயைக் காட்டி, நிறுத்து என்பதுபோல் கையை ஆட்டினார்.

அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த தீர்ப்பை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.