கதவின் நெற்றி

காலை ஆறு மணிக்கு மங்கையர்க்கரசி கதவுக்கு நெற்றியிட்டாள். ரப்பர் விளிம்புக்குப் பூசும் பச்சைக் களிம்பைக் கட்டைவிரலால் வழித்து, கதவின் நடுவில் ஒரு வட்டம் வரைந்தாள். வட்டத்தின் வலப்பக்கம் சிறு இடைவெளி விட்டாள். பிறகு ஒன்பது ஒலிகளை எழுப்பினாள். பிறகு வலது மணிக்கட்டை மூன்று முறை சுழற்றி, இடது உள்ளங்கையால் காற்றைத் தள்ளினாள். கதவு திறந்தது. இதைச் செய்யாவிட்டால் வெளியே பனி வெட்டிவிட்டு வந்து நிற்கும் இருபத்தாறு பேரும் நின்றபடியே இருக்க வேண்டியதுதான் என்பது காலிஸ்டோவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

வியாழனைச் சுற்றும் அந்த நிலவில் பனியைக் குடைந்து கட்டிய குடியிருப்பு அது. முந்நூறு பேருக்கு வெளியே போக ஒரே வழி. உட்கதவு, அதன் பின்னால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஓர் இடையறை, அதற்கும் அப்பால் வெளிக்கதவு. உட்கதவின் முன் நின்று வெளிக்கதவைத் திறக்க வைப்பவருக்குத் திறப்பாளர் என்று பெயர். ஒலிகள் பம்பின் ஓசையைப் போல இருக்கும். வட்டம் திறந்த வாசலைப் போல. கையசைவு சக்கரப் பூட்டைத் திருகுவது போல. எதைப் போலச் செய்கிறோமோ அது நடக்கும் என்று அறுபது வருடமாக நம்பினார்கள். ஒலிகள் முடியும் முன்பே கதவு திறந்தால் கதவு இரக்கப்பட்டது என்பார்கள். முடிந்தும் திறக்காவிட்டால் திறப்பாளரின் மனம் எங்கோ மேய்கிறது என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் கதவின் மேல் பழி வராது. ஓர் ஒலி பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி.

நாற்பது நாளைக்கு முன் மங்கை பிசகினாள். விண்வெளி அங்கி கிழிந்து காற்று கசிய, அவள் கணவன் துரைப்பாண்டி வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஓடி வந்தான். வெளிப்புறத்தைக் காட்டும் திரையில் அவன் முகத்தைப் பார்த்ததும் ஐந்தாவது ஒலியில் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விதிப்படி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கதவு திறந்தபோது துரைப்பாண்டி வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை.

யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுபோகும். துரைப்பாண்டியின் பெயரை அவள் காதுபட யாரும் எடுப்பதில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை. உடம்பு மரத்துப்போய், தட்டில் வைத்ததைத் தின்றாள், ஆறு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். தன் தொண்டைதான் அவனைக் கொன்றதா என்ற ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதைச் சொல்லத்தான் சரக்குக் கப்பலில் ரெஹானா வந்திருந்தாள். இயந்திரங்களின் நினைவுப்பதிவைப் படிக்கும் பொறியாளர். முப்பது வயதிருக்கும். சவரிமுத்து மேஸ்திரி பக்கத்தில் நிற்க, கதவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மேஸ்திரி, இதுல மைக்கே இல்லையே."

"இல்லன்னா? கழண்டு விழுந்துடுச்சா?"

"வைக்கவே இல்ல. கேமராகூட வெளிய மட்டுந்தான் இருக்கு. உங்க பக்கத்துல நடக்கிற எதுவும் கதவுக்குத் தெரியாது."

அவள் கைப்பலகையில் எண்கள் வரிசையாக ஓடின. வெளியே நிற்பவர் வெளிக்கதவிலுள்ள தகட்டைத் தொட்டதும் பம்பு ஓடத் தொடங்கும். இடையறையில் காற்று வடிய நான்கு நிமிடம் பத்து விநாடி. வடிந்ததும் கதவு திறக்கும். அறுபது வருடத்தில் ஒருநாளும் அதில் மாற்றமில்லை.

"அன்னிக்கு?" என்று மங்கை கேட்டாள்.

"அன்னிக்கும் அதே நாலு நிமிஷம் பத்து விநாடிதான்கா. நீங்க பிசகாம ஓதியிருந்தாலும் அதேதான், சும்மா தூங்கியிருந்தாலும் அதேதான்."

"அப்ப இத்தனை வருஷமா..." என்றார் மேஸ்திரி.

"கதவு அது பாட்டுக்குத் திறந்திருக்கு. நீங்க உங்க பாட்டுக்கு ஓதியிருக்கீங்க."

முதன்முதலில் யாரோ ஒருவர் காத்திருக்கப் பொறுக்காமல் பம்பைப் போல வாயால் ஓசை எழுப்பியிருப்பார், கதவு திறந்திருக்கும், மறுநாளும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுப்பியிருப்பார். லிஃப்ட் பொத்தானை நான்கு முறை அமுக்கினால் லிஃப்ட் வேகமாக வரும் என்று அமுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அங்கே குடியேறினார்கள்.

"அப்ப நான் கொல்லல," என்றாள் மங்கை. நாற்பது நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ரெஹானா அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பொறியாளர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

"ஆமா, அவசரப் பிடி எங்கக்கா? வரைபடத்துல கதவுக்கு நடுவுல காட்டியிருக்கு."

கதவின் நடுவில் நெற்றிதான் இருந்தது. ஒவ்வொரு காலையும் பூசிப் பூசி, உள்ளங்கை கனத்துக்குக் காய்ந்து இறுகிய பச்சைத் திட்டு. அதைச் சுரண்டக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ரெஹானா உளியை எடுத்தாள். மேஸ்திரி தடுக்கக் கையை நீட்டி, என்ன நினைத்தாரோ, மடக்கிக்கொண்டார். அரைமணி நேரத்தில் களிம்புக்கு அடியிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி வெளிவந்தது.

"இதை இழுத்தா?" என்று கேட்டாள் மங்கை.

"இடையறைக் காத்தெல்லாம் ஒரேயடியா வெளிய போயிடும். கொஞ்சம் நஷ்டந்தான். ஆனா எட்டு விநாடியில வெளிக்கதவு திறந்துடும்."

மங்கை தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் காலையில் பூசிய பச்சை இருந்தது. "நான்தான் தினமும் மூடியிருக்கேன்," என்றாள். தெரியாமல் செய்ததுதானே என்று ரெஹானா ஏதேதோ சொன்னாள். எதுவும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

மறுநாளிலிருந்து ஓதுவது நின்றது. திறப்பாளரின் வேலை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ஆபத்தென்றால் பிடியை இழுப்பதும் என்று ஆயிற்று. ஜனங்களுக்கு அதில் திருப்தியில்லை. வெறும் இரும்பை நம்பி எப்படி வெளியே போவது என்று இரண்டு பேர் வேலைக்கே வர மறுத்தார்கள்.

பதினேழாம் நாள் சந்தியாகு என்ற பனிவெட்டி, தலைக்கவசம் விரிசல் விட்டு, விழுந்தடித்து ஓடி வந்தான். மங்கை எழுந்து, இடது கையை நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டு, வலது கையால் பிடியை இழுத்தாள். இழுக்கும்போது உதடு தானாக முணுமுணுத்தது. "துரைப்பாண்டி, துரைப்பாண்டி, துரைப்பாண்டி." எட்டு விநாடியில் கதவு திறந்தது. சந்தியாகு பிழைத்தான். பக்கத்தில் நின்ற மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ரெஹானா மறுபடி வந்தாள். நுரையீரல் கெட்டுப் பனி வெட்ட முடியாமல் போன சந்தியாகு இப்போது இரண்டாவது திறப்பாளன். தினமும் மூன்று வேளை பிடியை இழுக்காமல் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அவன் எழுந்து நின்றான். இடது கையை நெஞ்சில் வைத்தான். கண்ணை மூடி, மூன்று முறை துரைப்பாண்டியின் பெயரைச் சொன்னான். அதன் பிறகே வலது கை பிடிக்குப் போனது. சுற்றி நின்றவர்களும் கூடவே முணுமுணுத்தார்கள்.

"என்னண்ணே இது? எட்டு விநாடிக் கதவு. நீங்க பிடியைத் தொடவே பத்து விநாடி ஆகுது," என்றாள் ரெஹானா.

"பேரைச் சொல்லாம இழுத்தா திறக்குமாம்மா?"

"திறக்கும்."

"நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. நான் அந்தப் பேரால உள்ள வந்தவன்."

ரெஹானா மங்கையிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க உள்ளே இருக்கிற வயரையெல்லாம் பார்த்தவங்க. நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க."

மங்கைக்கு எல்லாம் தெரியும். காற்று கசியும்போது பத்து விநாடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த நிலவில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் முந்நூறு பேரும் வாய்க்குள் போட்டுப் பூட்டிவைத்திருந்த பெயர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை அவள் காதில் விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவள் எழுந்து சந்தியாகுவின் பக்கத்தில் போய் நின்றாள். ரெஹானா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"அவசரப்படாத தம்பி," என்றாள் மங்கை. "ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, முழுசாச் சொல்லு."