வெறுந்தாளில் ஊதா

வெறும் தண்ணீர் மட்டும் சொட்டிய தாள் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது.

பால்மாவு ஆலையின் சோதனைக்கூடம் அது. மாவின் புரதத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று பார்க்க, தாளில் பொட்டு வைத்து, நின்ஹைட்ரின் மருந்து தெளித்து, சூடு காட்டுவது அவள் வேலை. அமிலம் இருந்தால் ஊதா பூக்கும்; வெறும் தண்ணீருக்குப் பூக்காது. கை வியர்வை பட்டாலும் பூக்கும், அதற்காகத்தான் கையுறை. இப்போது தாளின் ஓரத்தில் ஒரு விரல் ரேகை தெளிந்து வந்தது.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, தலை சொறிஞ்ச கையோட தொட்டுட்டியா?"

"போங்கண்ணே. கையுறையைக் கழட்டவே இல்ல."

"அப்ப பேய்தான்." சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் லீவு. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளைக் கூடவே கூட்டி வந்திருந்தாள். அம்மாவின் வெள்ளை மேலங்கி தரையில் புரள, தராசு அறையில் டாக்டர் விளையாட்டு நடந்தது.

புதுத் தாள்கட்டைப் பிரித்து, இடுக்கியால் ஒரு தாளை எடுத்து, மருந்து தெளித்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, விசிறி முனக, மருந்து நெடிக்கு அடியில் ஈரத்துணி மக்கிய வாடை ஒன்று மெல்லப் பரவ, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டிக்கொண்டு நின்றாள்.

தாளில் ஊதாவாக ஐந்து விரல்கள். நீளமானவை. ஒவ்வொன்றிலும் ஒரு கணு அதிகம்.

தெறித்த மருந்து சுவரிலும் பட்டிருந்தது. உலர்த்தியை அங்கே திருப்பினாள். முழங்கால் உயரத்தில் ஓர் உள்ளங்கை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தராசு அறையின் கதவை நோக்கி.

ஓடினாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அது போட்டிருந்த மேலங்கியை உருவி ஆணியில் மாட்டினாள். மருந்தைத் தெளித்தாள். உலர்த்தியை நீட்டினாள்.

வெள்ளையாகவே இருக்கட்டும். என் பிள்ளையை மட்டும் தொடாமல் இருந்திருக்கட்டும்.

வெள்ளை.

வெள்ளை.

தோள்பட்டையில் ஊதா. பிறகு மார்புக்குக் குறுக்கே. பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்ட இரண்டு கைகள்.

"அம்மா," என்றது பிள்ளை, அவள் கழுத்தில் முகம் புதைத்தபடி. "ரொம்ப இறுக்காதம்மா. ஒரு கை போதும்."

அவளுடைய மற்ற கையில் உலர்த்தி இருந்தது.

குனிந்து பார்த்தாள். பிள்ளையின் தோளில், சட்டைத் துணி ஐந்து இடங்களில் குழிந்து, மெல்ல, இன்னும் ஆழமாகக் குழிந்துகொண்டிருந்தது.